மெஷின் பக்கத்துத் திரைக்கு எத்தனை பட்டன் போதும்?

ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியிருக்கிறார்கள் என்பதை அதன் டெஸ்க்டாப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிடைத்த புரோகிராம் எல்லாம் இன்ஸ்டால் ஆகியிருக்கும். ஐகான்கள் இடது ஓரத்தில் தொடங்கி திரையின் பாதியைத் தாண்டி வந்திருக்கும். இதில் பெரிய தப்பில்லை. ஓர் ஐகானைத் தேட அரை நிமிடம் கூடுதலாக ஆனால் வீட்டில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. தவறானதைக் கிளிக் செய்துவிட்டால் மூடிவிட்டு வேறொன்றைத் திறந்து கொள்ளலாம்.

இதே கம்ப்யூட்டர் ஒரு தொழிற்சாலைக்குள் போய், லேத்துக்கோ பிரஸ்ஸுக்கோ பக்கத்தில் தூணில் மாட்டப்பட்டால் கதை வேறு. அங்கே இதற்கு ஷாப் ப்ளோர் டெர்மினல் என்று பெயர். கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் இருக்காது. டச் ஸ்கிரீன், பார்கோடு ரீடர், அடையாள அட்டையைக் காட்ட ஒரு சிறிய பெட்டி, அவ்வளவுதான். மெஷினில் வேலை செய்பவர் நின்றபடியே விரலால் தொட்டு "வேலை தொடங்கியது", "இத்தனை பீஸ் முடிந்தது", "இத்தனை ரிஜெக்ட்" என்று பதிவு செய்கிறார்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது ஷிப்டுக்குப் போய் இப்படி ஒரு திரையின் முன் நிற்கிறார். இன்று கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களில் சிலர் நாளை சொந்தப் பட்டறைக்கு இது போன்ற சாப்ட்வேர் வாங்கி நீங்களே செட்டிங்ஸ் போடப் போகிறீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திரையில் என்னென்ன பட்டன் இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், அதன் முன் ஒரு ஷிப்ட் கூட நின்றதில்லை. அதனால் வரும் கெடுதல் நின்று வேலை செய்பவரின் தலையில் விழுகிறது.

இரண்டு வகைத் திரைகள்

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். தொழிற்சாலைத் திரைகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, மெஷினையே இயக்கும் திரை. இதை எச்.எம்.ஐ. என்பார்கள். பி.எல்.சி. என்ற சிறிய கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருடன் இது இணைந்திருக்கும். மோட்டாரை ஓட்டு, வால்வைத் திற என்ற கட்டளைகள் இதன் வழியே போகும். இன்னொன்று, நான் மேலே சொன்ன பதிவு செய்யும் திரை. இது கம்பெனியின் கணக்கு, ஸ்டோர், சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக் கொள்ளும் இ.ஆர்.பி. சாப்ட்வேரின் ஒரு பகுதி. முதல் திரையில் தவறு நடந்தால் அடிபடுவது உடம்பு. இரண்டாவதில் அடிபடுவது கூலியும் பெயரும்.

இரண்டாவது வகைக்கு மைக்ரோசாப்ட்டின் டைனமிக்ஸ் 365 நல்ல உதாரணம். அதில் உற்பத்தித் தளத்திற்கென்றே ஒரு தனித் திரை உண்டு. அதன் டேப்கள் எவை, ஒவ்வொரு டேபிலும் எந்தப் பட்டன்கள், அவற்றில் எவை முக்கிய வரிசையில், எவை அடுத்த வரிசையில் என்பதையெல்லாம் நிர்வாகி தன் சீட்டில் இருந்தே தேர்வு செய்யலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வெல்டிங் பகுதிக்கு ஒரு திரை, பேக்கிங் பகுதிக்கு வேறொரு திரை என்று தனித்தனியாகவும் வைக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் டிக் செய்வது இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

பட்டன் வைக்கச் செலவில்லை அல்லவா? தரக்கட்டுப்பாட்டுத் துறை ஒரு பட்டன் கேட்கும். மெயின்டனன்ஸ் ஒன்று கேட்கும். ஸ்டோரில் இருந்து ஒரு கோரிக்கை வரும். பெர்சனல் துறைக்காரர் லீவு விண்ணப்பத்தையும் அதிலேயே வைத்துவிடலாமே என்பார். யாருடைய கோரிக்கையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் திரை முழுக்க பட்டன். நான் பார்த்த ஒரு தொழிற்சாலைத் திரையில் இருபதுக்கும் மேல் இருந்தன. அவற்றில் எவை உண்மையிலேயே பயன்படுகின்றன என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. நான்கு இடங்களில் கிரீஸ் படிந்து கறுத்திருந்தது. மற்ற பட்டன்களின் மேல் தூசுதான் இருந்தது.

விரலும் மவுஸும் ஒன்றல்ல

அலுவலக கம்ப்யூட்டரில் அமர்ந்து இந்தத் திரையை வடிவமைப்பவர் மவுஸ் கையால்தான் யோசிக்கிறார். பால் பிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் கை அசைவை அளந்து ஒரு விதி சொன்னார். இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் சீக்கிரம் தொடலாம், சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் நேரம் ஆகும் என்பதே அதன் சாரம். கேட்டால் பாட்டிக்குத் தெரிந்த விஷயம் போல இருக்கும். ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. இன்று வரை திரை வடிவமைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு விண்டோவைத் திரை முழுவதும் பெரிதாக்கி, மவுஸை வலது மேல் மூலையை நோக்கி வேகமாகத் தள்ளிவிட்டுக் கிளிக் செய்யுங்கள். குறி பார்க்காமலே விண்டோ மூடிக்கொள்ளும். கர்சர் மூலையில் முட்டி நின்றுவிடுவதால் மூலைப் பட்டன் மவுஸுக்கு மிகவும் சுலபம். விரலுக்கு அப்படி இல்லை. விரல் எதிலும் முட்டி நிற்பதில்லை. தொழிற்சாலைப் பேனல்கள் பலவற்றில் திரையைச் சுற்றி மேடான சட்டம் வேறு இருக்கும். மூலையில் உள்ள பட்டனைத் தொட விரலைச் சாய்த்து நுழைக்க வேண்டும். இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்வது அந்த ஓரத்தில்தான். மவுஸுக்குச் சிறந்த இடம் விரலுக்கு மோசமான இடமாகிவிடுகிறது.

அளவும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு போன்களில் தொடும் இடம் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். இது கையில் பிடித்த போனுக்கு, வெறும் விரலுக்குச் சொன்னது. நின்றுகொண்டு, கையை நீட்டி, கையுறையோடு தொடுபவருக்கு இதில் இரண்டு மடங்காவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். "முடிந்தது" பட்டனும் "ரிஜெக்ட்" பட்டனும் ஒட்டி ஒட்டி இருக்கிற திரையை வடிவமைத்தவரைக் கையுறை மாட்டி ஒரு மணி நேரம் அதில் வேலை செய்யச் சொல்ல வேண்டும்.

கையுறை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டச் ஸ்கிரீனில் முக்கியமாக இரண்டு வகை. ரெசிஸ்டிவ் வகையில் இரண்டு மெல்லிய படலங்கள் அழுத்தத்தால் ஒட்டும்போது தொட்ட இடம் தெரிகிறது. எதால் அழுத்தினாலும் வேலை செய்யும், கையுறையும் சரி, பேனா மூடியும் சரி. உங்கள் போனில் இருப்பது கெபாசிடிவ் வகை. விரல் நெருங்கும்போது மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை அது உணர்கிறது. பார்க்க அழகு, தொடவும் இதம். ஆனால் சாதாரணக் கையுறை போட்ட விரலை அது கண்டுகொள்ளாது. கூலன்ட் துளி விழுந்தால் யாரோ தொட்டதாக நினைத்துக் கொள்ளும் திரைகளும் உண்டு. கையுறையோடு வேலை செய்யும்படி தயாரித்த கெபாசிடிவ் பேனல்கள் கிடைக்கின்றன. விசாரித்து வாங்க வேண்டும். விசாரிக்காமல் வாங்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பீஸுக்கும் கையுறையைக் கழற்றி மாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. கழற்றியதைக் கழற்றியபடியே விட்டு விடுவார். ஷீட் மெட்டலின் விளிம்பு பிளேடு போல இருக்கும். கை கிழிந்த பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்து "ஏன் கையுறை போடவில்லை?" என்று கேட்பார். திரையை யாரும் கேட்க மாட்டார்கள்.

திரையைத் துடைப்பது கூட ஒரு பிரச்சினைதான். துணியால் துடைக்கும்போது நாலு பட்டன் அழுந்திவிடும். டைனமிக்ஸ் 365-ல் இதற்கென ஒரு பட்டன் வைக்க முடியும். அதை அழுத்தினால் சில விநாடிகளுக்குத் திரை எந்தத் தொடுதலையும் ஏற்காது, அதற்குள் துடைத்துக் கொள்ளலாம். எத்தனை விநாடி என்பதையும் நாமே வைக்கலாம். மெஷின் பக்கத்தில் நிற்பவரின் கஷ்டத்தை யாரோ கேட்டுச் செய்தது போல் இருக்கிறது. வைக்க வேண்டிய பட்டன் என்றால் இதுதான். ஆனால் செட்டிங்ஸில் இதை ஆன் செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் உள்ளவருக்கு எப்படித் தோன்றும்? அவர் மானிட்டரில்தான் கிரீஸ் படிவதே இல்லையே.

ஒரு டிக் மார்க் செய்யும் வேலை

இப்போது கூலி விஷயத்திற்கு வருவோம். அதே டைனமிக்ஸ் 365 செட்டிங்ஸில் பதிவு செய்த சரியான நேரத்தைப் பயன்படுத்தவா என்று கேட்கும் ஒரு ஆப்ஷன் உண்டு. அதைத் தேர்வு செய்தால், ஊழியர் பதிவை அனுப்பிய நேரமே கணக்கில் ஏறும். தேர்வு செய்யாவிட்டால், அவர் திரையில் சைன்-இன் செய்த நேரம் எடுத்துக் கொள்ளப்படும். ஒவ்வொரு முறையும் சைன்-இன் செய்து, பதிந்து, வெளியேறும் இடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே ஆள் காலையில் சைன்-இன் செய்து அப்படியே விட்டு வைத்திருக்கும் இடத்தில்? 8 மணிக்கு நுழைந்தவர் 11 மணிக்கு ஒரு வேலையை முடித்துப் பதிந்தாலும் கணக்கில் 8 மணிதான் நிற்கும். ஊழியர் தொட்ட பட்டன் சரியானது, தொட்ட நேரம் சரியானது. எங்கோ ஒரு செக் பாக்ஸில் டிக் இல்லை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் "இந்த வேலைக்கு உனக்கு எப்படி இவ்வளவு நேரம் ஆனது?" என்ற கேள்வி அவரிடம்தான் வரும். அவருக்கு அந்த செக் பாக்ஸ் இருப்பதே தெரியாது.

காரணப் பட்டியல் இன்னும் பெரிய தலைவலி. மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று திரை கேட்கும். ஒரு பட்டியல் வரும். சிலர் அதில் முப்பது, நாற்பது காரணங்களை நிரப்பி வைத்திருப்பார்கள், அதுவும் ஆங்கில அகர வரிசையில். மெஷின் நிற்கிறது, சூப்பர்வைசர் வருகிறார், அடுத்த லோடு காத்திருக்கிறது. இந்த அவசரத்தில் யார் பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள்? மேலே இருப்பதைத் தொடுவார்கள். மேலே "அட்ஜஸ்ட்மென்ட்" இருந்தால் மெஷின் நின்றதெல்லாம் அட்ஜஸ்ட்மென்டால்தான் என்று ஆகிவிடும். மாதக் கூட்டத்தில் அழகான கலர் சார்ட் போட்டு, செட்டிங் செய்பவர்களுக்குப் பயிற்சி தேவை என்று முடிவெடுப்பார்கள். உண்மையில் மெட்டீரியல் வரவில்லை என்பதாலோ, கரண்ட் விட்டு விட்டு வந்ததாலோ நின்றிருக்கலாம். கம்ப்யூட்டர் தந்த டேட்டா என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். திரையில் வந்த எண் என்பதால் அது உண்மையாகிவிடாது. யாரோ ஒருவர் அவசரத்தில் தொட்டதன் கூட்டுத்தொகை அது.

இதனால் பட்டன்களை எல்லாம் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. பத்துக் காரணம் மட்டும் வைத்தேன், திரை சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்படும் நிர்வாகிகளும் உண்டு. அந்தப் பத்தில் "மெட்டீரியல் இல்லை" என்பது விடுபட்டிருந்தால், ஊழியர் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம். ஸ்டோரின் தவறு அவர் கணக்கில் ஏறும். சில இடங்களில் இதைத் தெரிந்தே செய்கிறார்களோ என்று கூட எனக்குத் தோன்றியிருக்கிறது. எந்தக் காரணத்துக்குப் பட்டன் இருக்கிறதோ அந்தக் காரணம்தான் ரிப்போர்ட்டில் வரும். பட்டியலை எழுதுபவர் யார் என்பது அதனால்தான் முக்கியம்.

தவறாகத் தொட்டதைத் திருத்தும் வழியும் திரையிலேயே இருக்க வேண்டும். 50 பீஸுக்குப் பதில் 500 என்று விரல் பட்டுவிட்டால், சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டால்தான் மாற்ற முடியும் என்று வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் வேறு லைனில் இருப்பார். ஊழியர் என்ன செய்வார்? விட்டுவிடுவார், அல்லது அடுத்த ஒன்பது பதிவுகளில் சைபர் போட்டுக் கணக்கை நேராக்குவார். இதற்கு மாற்றாக "நிச்சயமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும் டயலாக் பாக்ஸ் வைப்பதும் பயனற்றது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி வரும் பெட்டியை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள்? கை தானாக ஓகே-யை அழுத்திவிடுகிறது. பைலை அழித்தால் ரீசைக்கிள் பின்னில் கிடப்பது போல, பதிந்த ஐந்து நிமிடத்திற்குள் அவரே திரும்ப எடுக்க ஒரு வழி இருந்தால் போதும்.

மெஷினை இயக்கும் திரை

முதல் வகைத் திரைக்கு வந்தால் பயம் கூடுகிறது. ஏற்கெனவே நடந்த இரண்டு விபத்துகளைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக் கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ அது மூடிவிட்டது போலக் காட்டியது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடுவதற்கான மின் சமிக்ஞை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையப் பகுதி ஓரளவு உருகிப் போனது. நாம் போடும் திரைகளிலும் இதே குழப்பம் உண்டு. பட்டனைத் தொட்டவுடன் அது பச்சையாகிறது. மோட்டார் ஓடுவதால் பச்சையா, ஓடச் சொல்லிவிட்டோம் என்பதால் பச்சையா? செட்டிங்ஸ் போடுபவர் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது 2005 மார்ச் 23. டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். ஒரு கோபுரத்துக்குள் திரவம் ஏறிக்கொண்டே போனதும் வெளியேறாததும் உடனே தெரியவில்லை. விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசு அமைப்பு பல காரணங்களைக் கண்டது. அதில் ஒன்று திரை. உள்ளே போகும் அளவு ஒரு திரையிலும் வெளியே வரும் அளவு இன்னொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிந்திருந்தால் ஆபரேட்டர் சந்தேகப்பட்டிருக்கலாம். திரையை வடிவமைத்தவருக்கு அது வெறும் இட ஒதுக்கீடாகத் தோன்றியிருக்கும்.

இதில் இன்னொரு நுட்பம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் மேல் மவுஸை அழுத்திப் பிடித்து, அப்படியே வெளியே இழுத்து விட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. விரலை எடுக்கும்போதுதான் கிளிக் கணக்காகிறது. மெஷின் திரைகளில் ஜாக் என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தியிருக்கும் வரை மோட்டார் மெல்ல நகரும், விட்டால் நிற்க வேண்டும். விரல் அழுத்தியிருக்கும் நேரத்தில் திரைக்கும் பி.எல்.சி.க்கும் நடுவே தொடர்பு அறுந்தால்? "விட்டுவிட்டேன்" என்ற செய்தி போய்ச் சேராது. முன்யோசனையோடு பி.எல்.சி. புரோகிராம் எழுதியிருந்தால் மெஷின் தானே நிற்கும். எழுதாவிட்டால் நகர்ந்துகொண்டே இருக்கும். இது போன்ற வேலைக்கு நிஜமான பட்டனே நல்லது.

எமர்ஜென்சி ஸ்டாப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் போல் இருக்கும் அந்தப் பட்டன் ஒயர் போட்ட நிஜப் பட்டனாக இருக்க வேண்டும். டச் ஸ்கிரீனில் வரைந்த சிவப்பு வட்டம் அதற்கு ஈடாகாது. உங்கள் கம்ப்யூட்டர் ஹேங் ஆகி, மவுஸ் எதற்கும் அசையாமல் நின்ற அனுபவம் இருக்கும். ஒருவரின் சட்டைக் கை ரோலரில் மாட்டியிருக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திரையில் அப்படி ஒரு வட்டத்தை அலங்காரத்துக்குக் கூட வைக்கக் கூடாது. பதற்றத்தில் ஒருவர் அதைத் தேடி ஓடிவிடுவார்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. 2015-ல் வெளியான ஐ.எஸ்.ஏ. 101 என்ற அமெரிக்கத் தரநிலை எச்.எம்.ஐ. திரைகளுக்கென்றே வந்தது. இந்தத் துறை வல்லுநர்கள் பலர் சாம்பல் நிறப் பின்னணியைச் சிபாரிசு செய்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது திரை மங்கலாகவே இருக்கட்டும், ஏதாவது கெட்டால் மட்டும் நிறம் வரட்டும் என்பது அவர்கள் வாதம். விற்க வருபவர் காட்டும் டெமோவில் டேங்குகள் முப்பரிமாணத்தில் மின்னும், தண்ணீர் அலையடிக்கும். முதலாளிக்குப் பிடித்துவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 8 சதவீத ஆண்கள் அப்படி. நிறத்தோடு ஒரு வார்த்தையும் இருக்கட்டும்.

எந்தத் தமிழ்?

அந்த வார்த்தை எந்த மொழியில்? நம் ஊர்த் தொழிற்சாலையில் தமிழ் பேசுபவர் பக்கத்தில் இந்திக்காரரும் ஒடியாக்காரரும் நிற்கிறார்கள். மொழியை ஆள் மாறும்போது மாற்றும் வசதியுள்ள சாப்ட்வேர்கள் இருக்கின்றன. இருந்தும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். "ரீசெட்", "அபார்ட்", "கேன்சல்" மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று அலுவலகத்தில் இருப்பவரைக் கேட்டாலே யோசிப்பார்.

தமிழில் போடுபவர்களும் அகராதியைத் தேடிப் போகிறார்கள். மெஷின் பக்கத்தில் யாரும் "நிராகரிக்கப்பட்ட உதிரிப்பாகம்" என்று சொல்வதில்லை. ரிஜெக்ட் என்கிறார்கள், ரீவொர்க் என்கிறார்கள், செட்டிங் என்கிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் போடுங்கள். தமிழ்ப்பற்று குறைந்துவிடாது. இடப் பிரச்சினையும் உண்டு. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் சொல் தமிழில் பட்டனைத் தாண்டிப் போகும். சில பழைய பேனல்களில் கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" என்பது உடைந்து தெரியும். வாங்கும் முன் "தொடங்கு" என்று டைப் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நிர்வாகத்தின் பக்கம் ஒரு பதில் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. பட்டன் இல்லாவிட்டால் டேட்டா வராது, டேட்டா வராவிட்டால் லட்சக்கணக்கில் கொடுத்து இந்த சாப்ட்வேரை எதற்கு வாங்கினோம் என்பார்கள். சரிதான். எல்லாப் பட்டனும் முதல் திரையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. ஷிப்டில் நூறு முறை தொடுவது முன்னால் இருக்கட்டும், மாதம் ஒரு முறை தொடுவது இரண்டாவது டேபுக்குப் போகட்டும். லீவு விண்ணப்பத்தைக் கேன்டீன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் பட்டறைக்குத் திரை வைக்கப் போகிறீர்கள் என்றால், சாப்ட்வேரைத் திறக்கும் முன் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். பேனலின் அளவுக்கே வெட்டி, நீங்கள் நினைத்திருக்கும் பட்டன்களை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, திரை வரப் போகும் இடத்தில், அதே உயரத்தில் ஒட்டுங்கள். மெஷினில் நிற்பவரிடம், அண்ணனோ தம்பியோ அக்காவோ யாராக இருந்தாலும், ஒரு ஷிப்ட் முழுக்க ஒவ்வொரு வேலைக்கும் அந்தத் தாளையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எதற்குப் பட்டன் இல்லை என்று அவர் சொல்கிறாரோ அதை ஓரத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்ததும் தாளை எடுத்துப் பாருங்கள். கறை படிந்த இடங்களையும் அவர் எழுதியதையும் மட்டும் முதலில் பட்டனாக்குங்கள். மற்றவற்றைப் பற்றி ஒரு மாதம் கழித்து அவரையும் கூட வைத்துக்கொண்டு பேசலாம்.